மறைத்து வைத்த ஸ்லைடு

நெக்ஸ்ட் அண்ணனை முதன்முதலில் பார்த்த அன்றே அவர்மேல் புகார் கொடுத்தவன் நான். அப்போது அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. அரங்கத்தின் பின்சுவரில், உயரத்தில், ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு வழுக்கைத் தலை. அவ்வளவுதான்.

கல்லூரியில் கடைசி வருடம். மாணவர்கள் தங்கள் ஆய்வை மேடையில் விளக்கும் போட்டி, ஐநூறு பேர் உட்காரும் வாடகை அரங்கத்தில் நடந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் நான் என்பதால் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டுமா என்று அப்பா காவலாளியிடம் கேட்டார். காவலாளி சிரித்தான். என் காது சூடாகிவிட்டது. பிறகு, எனக்கு முன்னால் பேசியவன் தன் கடைசி ஸ்லைடில் ஏதோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு நன்றி சொன்னான். என் கடைசி ஸ்லைடில் அப்பாவும் அம்மாவும் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் நிற்கும் படம் இருந்தது. மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால், மேடையோரத்து அரங்கக் கணினியில் ஏற்றியிருந்த ஃபைலைத் திறந்து அந்த ஸ்லைடை மறைத்துவிட்டேன். அழிக்கவில்லை. ஃபைலில் இருக்கும், திரையில் வராது, அந்த மாதிரி.

அந்த அரங்கத்தில் பேசுபவர் கையில் ரிமோட் கிடையாது. 'நெக்ஸ்ட்' என்று சொல்ல வேண்டும், கண்ணாடி அறையில் இருப்பவர் மாற்றுவார். நான் சொன்னேன், ஸ்லைடு மாறவில்லை. மறுபடி சொன்னேன், அப்போதும் நகரவில்லை. மூன்றாவது முறை பின்னால் பார்த்துக் கத்தியே விட்டேன். கூட்டம் சிரித்தது. எனக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. மேலே இருக்கிற ஆள் தூங்குகிறார், அதனால்தான் முதல் பரிசு போயிற்று என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் அரங்க மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னார். அதோடு நான் மறந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த வழுக்கைத் தலை எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்து, எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்லைடு தயாரிக்கும் மென்பொருளை மனிதனுக்குப் பதிலாக இயக்குகிற ஒரு ஏஐ ஏஜென்டை எங்கள் நிறுவனம் செய்கிறது. 'இந்த ஃபைலை ஒழுங்காக்கிக் கொடு' என்று ஒருவர் சொன்னால், நூற்றுச் சொச்சம் கருவிகளில் எதை எடுப்பது என்று ஏஜென்ட் தானே முடிவு செய்யும். எழுத்தைப் பெரிதாக்க ஒரு டூல், படத்தை நகர்த்த ஒரு டூல், ஸ்லைடை அழிக்க ஒரு டூல். ஆனால் டூலுக்குள் என்ன இருக்கிறது என்று ஏஜென்டுக்குத் தெரியாது. ஒவ்வொரு டூலோடும் நாலு வரிக் குறிப்பு ஒன்று இருக்கும். அதை மட்டும் படித்துவிட்டுக் கையை வைக்கும். பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டை நம்பி மருந்து குடிப்பது போல. சீட்டில் தவறு இருந்தால் குடித்தவன் பாடு.

அந்தக் குறிப்புகளுக்கு மதிப்பெண் போடுவதுதான் எங்கள் வேலை. டூல் என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது, எடுத்தபின் என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்து ஒன்றிலிருந்து ஐந்துக்குள் போட வேண்டும். ஒரே குறிப்பை இரண்டு பேர் தனித்தனியே பார்ப்பார்கள். இரண்டு மதிப்பெண்ணும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகியிருந்தால் மேடம் தீர்ப்புச் சொல்வார். மேடம்தான் எங்கள் பிரிவுக்குத் தலைமை. என்னைப் போன்ற சிலர் குறிப்பும் எழுதுவோம். யார் எழுதியது என்று தெரியாமல் பெயரை மறைத்துத்தான் மதிப்பெண்ணுக்கு வரும். தான் எழுதியதே தன்னிடம் வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இது விதி.

குறிப்பு எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். என் ஆங்கிலத்தை மேடமே பாராட்டியிருக்கிறார். ஊரில் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், 'என் மகன் மெஷினுக்குப் பாடம் எழுதறான்' என்று.

மேடம்தான் நெக்ஸ்ட் அண்ணனை அழைத்து வந்தார். இங்கே எல்லோரும் ஸ்லைடைக் கணினியில் மட்டுமே பார்த்தவர்கள், கூட்டத்துக்கு முன்னால் ஸ்லைடு என்ன பாடு படும் என்று தெரிந்த ஆள் ஒருவராவது வேண்டும் என்பது அவர் எண்ணம். அரங்கம் கைமாறியதில் அண்ணனுக்கும் வேலை போயிருந்தது. பள்ளிப்படிப்போடு நின்றவர். பதினாலு வருடம் அந்தக் கண்ணாடி அறையில் ஆயிரக்கணக்கான ஆங்கில ஸ்லைடுகளைப் படித்துப் படித்தே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டவர். தயங்கித்தான் பேசுவார், படிப்பதில் தயக்கமே இருக்காது.

பெயர் வந்த கதையை முதல் நாளே அவரே சொன்னார். "பதினாலு வருஷமா ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்டுதான். பொண்டாட்டி கூப்பிட்டாகூட நெக்ஸ்ட்டுனு சொன்னாத்தான் திரும்புவேன்."

அன்றிலிருந்து எங்களுக்கும் அவர் நெக்ஸ்ட் அண்ணன். எனக்கு அவரைத் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைதான் அவருக்குப் பெரிய சொத்து. அவர் பெயரும் படமும் போட்ட முதல் அட்டை. பஸ்ஸில் சட்டைக்கு வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு போவார். ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிட்டார், போனேன். மாடியில் இரண்டு அறை. ஓர் அறை முழுக்க அவர் மனைவியின், எனக்கு அக்கா, தையல் மெஷினும் வெட்டிப் போட்ட பள்ளிச் சீருடைத் துணியும். அக்கா டீ கொடுத்துக்கொண்டே சொன்னார்: "குளிக்கப் போறப்பவாவது அதைக் கழட்டச் சொல்லுங்க தம்பி. கல்யாணத்துல என் கழுத்துல கட்டுனதைவிட இதுக்குத்தான் மரியாதை."

அண்ணன் சிரித்துக்கொண்டே அட்டையை உள்பக்கம் திருப்பிவிட்டார்.

ஆனால் அந்த அட்டை தற்காலிகமானது. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் அவருடைய மதிப்பெண் மற்றவர்கள் மதிப்பெண்ணோடு நூற்றுக்குக் குறைந்தது அறுபது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அங்கேதான் அவருக்கு இடித்தது. நாங்கள் ஒரு குறிப்பைப் படிப்போம், வாக்கியம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம், ஆறு நிமிடத்தில் மதிப்பெண் போட்டு நகர்வோம். டூலை ஓட்டிப் பார்க்கச் சோதனைக் கணினி ஒன்று மூலையில் இருந்தது. அதன்மேல் ஆளாளுக்குக் குடையை மாட்டுவதுதான் வழக்கம். அண்ணன் முதல் வாரமே குடைகளை எடுத்துக் கீழே வைத்தார். குறிப்பைப் படிப்பார், டூலை ஓட்டுவார், ஸ்லைடு என்ன ஆனது என்று பார்ப்பார், திரும்ப வந்து குறிப்பில் அது சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடுவார். ஒரு குறிப்புக்கு இருபத்தைந்து நிமிடம்.

ஓட்டிப் பார்ப்பதற்கென்று பதினொரு ஃபைல் அவரே செய்து வைத்திருந்தார். அரங்கத்தில் பார்த்தவற்றை ஞாபகத்திலிருந்து திரும்பச் செய்தவை. ஒன்றில் நடுவே ஒரு ஸ்லைடு முழுக்கக் கறுப்பு. நாங்கள் அதைப் பிழை என்போம். பேசுகிறவர் அந்த இடத்தில் எல்லோரும் தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்தது என்பார். இன்னொன்றில் எழுத்து கட்டத்தை விட்டு வெளியே வழிந்திருக்கும். பேசியவருக்குப் பார்வை குறைவாம், தனக்குத் தெரிந்தால் போதும் என்று பெரிதாக்கி வைத்தாராம்.

வெள்ளிக்கிழமை மாலை சுவர்த் திரையில் எல்லோருடைய ஒற்றுமைச் சதவீதமும் வரும். கடைசி வரி எப்போதும் அவருடையது. பக்கத்து மேசைப் பெண் ஒருநாள் கேட்டாள்: "என்னண்ணே, உங்க மார்க்கு எங்க மார்க்கோட பேச்சுவார்த்தையே வெச்சுக்கறதில்லையா?"

"மாமியார் மருமக மாதிரிம்மா. பேசிக்கலைன்னாலும் ஒரே வீட்டுலதான இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் பையை எடுத்தார். அறுபத்தொன்று. அந்த வாரம் வேலை பிழைத்திருந்தது.

கடைசி வாரத்தில் அந்தக் குறிப்பு வந்தது. ஃபைலைச் சுத்தம் செய்கிற டூல். குறிப்பு இப்படிப் போனது: இது ஃபைலில் பயன்படாமல் கிடப்பவற்றை நீக்கி அளவைக் குறைக்கும், ஃபைலை ஒழுங்குபடுத்தச் சொல்லும்போது இதைப் பயன்படுத்துக. முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது, நான் எழுதியது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இரண்டாவது மதிப்பெண்காரர் நெக்ஸ்ட் அண்ணன் என்றும், அவர் கைக்குப் போனால் எதுவும் மூன்றைத் தாண்டாது என்றும் தெரியும். அந்த மாதம் எனக்கு மூத்தவர் பதவிக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் எழுதிய குறிப்புகளின் சராசரியைப் பார்ப்பார்கள். எனக்கு நானே ஐந்து போட்டேன்.

அவர் ஒன்று போட்டிருந்தார்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். பெயர் மறைத்திருந்ததால் எழுதியவன் நான் என்று அவருக்குத் தெரியாது. ஐந்துக்கும் ஒன்றுக்கும் இவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டார். அண்ணன் காரணப் பெட்டியில் நீளமாக ஏதோ எழுதியிருந்தார். மேடத்துக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. "நீயே சொல்லு, ஒரு வரில" என்றார்.

"அவருக்குப் புரிஞ்சிருக்காது மேடம். இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டம் அவருக்கு."

இந்த வாக்கியத்தை நான் புதிதாகச் செய்யவில்லை. பதினொரு வயதில் அப்பாவோடு நில அளவை அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, ஜன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: 'அவருக்குப் புரியாது, நீ படிச்சுப் பாத்துச் சொல்லு.' அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அன்று முழுக்க நான் அந்த எழுத்தரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய வாக்கியம் இத்தனை வருடம் என் நாக்கிலேயே தயாராக இருந்திருக்கிறது.

மேடம் தலையாட்டி என் மதிப்பெண் பக்கம் முடித்தார். வெள்ளிக்கிழமை திரையில் அண்ணனுக்கு ஐம்பத்தொன்பது வந்தது.

ஆட்சேபம் சொல்ல மூன்று வேலைநாள் உண்டு. மதிப்பெண் போட்ட இன்னொருவர் 'நான் மறுபடி பார்த்தேன், அவர் போட்டதுதான் சரி' என்று எழுதிக் கொடுத்தால் கணக்கு மாறும். அந்த ஒரு குறிப்பு மாறினாலே அறுபது வந்துவிடும்.

திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை, நின்றபடியே பேசினார்.

"தம்பி, அந்தச் சுத்தம் பண்ற டூலை ஒருதடவை ஓட்டிப் பாருங்க. எனக்காக இல்ல. பாத்துட்டு உங்களுக்கு என்ன தோணுதோ அதை மேடம்கிட்ட சொல்லுங்க."

"பாக்கறேன்ணே" என்றேன்.

பார்க்கவும் செய்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் சோதனைக் கணினியில் இருபது ஸ்லைடு உள்ள ஒரு ஃபைலைப் போட்டேன். அதில் நான்கை மறைத்து வைத்தேன். டூலை ஓட்டினேன். பதினாறு ஸ்லைடு இருந்தது. மறைத்து வைத்த நான்கும் பயன்படாதவை என்று அழிக்கப்பட்டிருந்தன. திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன், வரவில்லை. மறைத்தவற்றை அழித்துவிடும் என்றோ, அழித்தால் மீளாது என்றோ என் குறிப்பில் ஓர் எழுத்துகூட இல்லை. டூலைச் செய்தவர்கள் கொடுத்த தாளில் அது இருந்தது. வாக்கியம் நீளமாகிறது என்று நான்தான் வெட்டியிருந்தேன்.

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. சொல்ல வேண்டுமென்றால் எழுதியவன் நான் என்பதையும், எனக்கே ஐந்து போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அண்ணன் இரண்டு நாளும் என் மேசைப் பக்கம் வரவே இல்லை. குடிநீர் எடுக்கப் போகும்போதுகூடச் சுற்றிப் போனார். என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கிறார் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அட்டையைக் கழற்றி, அதன் நாடாவை ஒழுங்காகச் சுற்றி, மேடத்தின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் எல்லோருக்கும் ஒரு கும்பிடு. எனக்கும்.

மூத்தவர் பதவி எனக்குக் கிடைத்தது. அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவர் போனை வைக்காமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

ஆறு வாரம் கழித்துப் புகார் வந்தது. எங்கள் ஏஜென்டைச் சோதனைக்குப் பயன்படுத்திய ஒரு பள்ளி ஆசிரியை. தேர்வுக்கான கேள்விகளை ஸ்லைடாகவும், விடைகளை மறைத்த ஸ்லைடுகளாகவும் வைத்திருந்தார். நாற்பது விடை. 'ஃபைலைச் சுத்தமாக்கிக் கொடு' என்று சொல்லியிருக்கிறார். ஏஜென்ட் என் குறிப்பைப் படித்திருக்கிறது, சொன்னபடி செய்திருக்கிறது. ஒரு விடைகூட மிஞ்சவில்லை.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை மேடம் என்னிடமே கொடுத்தார். மூத்தவன் நான்தானே. மறைத்த ஸ்லைடு உள்ள ஃபைல்களாகப் பார்த்து ஓட்டலாம் என்று, பொதுக் கோப்புறையில் அண்ணன் விட்டுப்போன பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொரு ஃபைலிலும் ஸ்லைடுக்குக் கீழே, பேசுபவர் தனக்காக எழுதிக்கொள்ளும் இடத்தில், எதற்காக அதைச் செய்தார் என்று ஓரிரு வரி எழுதியிருந்தார்.

ஏழாவது ஃபைல். பன்னிரண்டு ஸ்லைடு. முதல் பதினொன்றிலும் வெறும் கோடுகளும் எண்களும். பன்னிரண்டாவது மறைக்கப்பட்டிருந்தது. அதில் படம் இல்லை, படம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கட்டம். ஒன்றில் 'அப்பா' என்றும் இன்னொன்றில் 'அம்மா' என்றும் எழுதியிருந்தார். பின்னால் கூரை மாதிரி ஒரு முக்கோணம், அதற்குள் 'கொட்டகை'. கீழே இப்படி இருந்தது:

'காலேஜ் பையன். மேடைக்கு வரும் முன் இதை மறைத்தான். ஆனால் அழிக்கவில்லை. என்றைக்காவது காட்டுவான். டூல் இதைத் தொடக் கூடாது.'

கண்ணாடி அறைத் திரையில் மறைத்த ஸ்லைடும் மங்கலாகத் தெரியும் என்பது எனக்கு அன்றுவரை தோன்றவே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா அம்மா இருவரையும் பார்த்திருக்கிறார். நான் மறைத்ததைப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்த்துக் கத்தியதையும் கேட்டிருக்கிறார்.

மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து போட்டது, பொய் சொன்னது, ஓட்டிப் பார்த்தும் வாயைத் திறக்காதது. மேடம் கோபப்படவில்லை. கணினியில் அண்ணன் எழுதிய காரணத்தை இப்போதுதான் முழுக்கப் படித்தார். மறைத்தவை அழியும், மீளாது, குறிப்பில் இல்லை என்று பிசிறில்லாத ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த மூணு நாள்ல சொல்லியிருந்தா என் ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்கும்" என்றார். அண்ணன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று மேடத்துக்கே தெரியாது. என் பதவியை எடுத்துவிட்டார்கள். அதை நான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. 'உள்ள இருக்காரு' என்று மட்டும் சொன்னார், டீ வரவில்லை. அண்ணன் சீருடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து, மேடத்திடம் சொன்னதை எல்லாம் அவரிடமும் சொன்னேன். அந்தக் குறிப்பை எழுதியதே நான்தான் என்றபோது அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"தெரியும் தம்பி."

எப்படி என்று கேட்டேன்.

"அன்னிக்கு மேடையில பேசுன மாதிரியேதான் எழுதியிருந்தீங்க. ஒரு படத்தைப் பத்திப் பாதி சொல்லுவீங்க, அது முடியறதுக்குள்ள நெக்ஸ்ட்டும்பீங்க. சொல்லி முடிக்கட்டும்னுதான் நான் கையை வெச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். தூங்கல."

பொத்தானில் நூலை முடிந்து பல்லால் கடித்தார்.

"அந்தத் திங்கக்கிழமையும் தெரிஞ்சுதான் வந்தேன். நீங்களே சொல்லிடுவீங்கன்னு மூணு நாள் காத்திருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் 'சரி' என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நான் கிளம்பும்போது அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, அப்பா அம்மா நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அந்தப் படம் என் ஃபைலில் இன்னும் மறைத்தபடியேதான் இருக்கிறது.

அந்தக் குறிப்பை இப்போது வேறு ஒருவர் திருத்தி எழுதிவிட்டார். சோதனைக் கணினிமேல் குடை மாட்டக் கூடாது என்று மேடம் தாள் ஒட்டியிருக்கிறார். நெக்ஸ்ட் அண்ணன் இப்போது ஒரு நர்சிங் கல்லூரி அரங்கத்தில், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்லைடு மாற்றுகிறார். அங்கே அவருக்கு அட்டை கொடுக்கவில்லை.